மணி அடித்தால் திருடனா?

சில வருடங்களுக்கு முன்னர் வெளிநாட்டு நகரமொன்றின் உடுப்புக் கடையிலிருந்து வெளியேறுகையில் வாசலில் மணி அலறியது. பற்றுச்சீட்டு கையிலேயே இருந்தது. ஆயினும், அத்தனை கண்களும் என் பக்கம் திரும்பியபோது உடல் கூசியது. காசாளர் ஒரு வில்லையைக் கழற்ற மறந்துவிட்டார், நடந்தது அவ்வளவே. அந்த வில்லையின் கதையைத் தேடத் தூண்டியதும் அக்கணமே.

ஒரு காலத்தில் கடைப் பொருள்கள் யாவும் மேசைக்கு அப்பால் இருந்தன. கடைக்காரர் எடுத்துக் காட்டுவார், நாம் பார்ப்போம். 1916இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சோண்டர்ஸ் திறந்த பலசரக்குக் கடையில், வாடிக்கையாளர் தாமே பொருளை எடுத்துக்கொள்ள வழி செய்யப்பட்டது. காலப்போக்கில் உடுப்புக் கடைகளும் அவ்வழியில் சென்றன. பொருள் கைக்கு எட்டியது; களவும் கூடவே வந்தது.

1960களில் ஒஹாயோ மாநிலத்தின் அக்ரோன் நகரில் அங்காடி முகாமையாளராக இருந்த றொன் அசாப், திருடன் ஒருவனைத் துரத்தித் தோற்றுத் திரும்பினார். அதற்கு அவர் தேடிய தீர்விலிருந்தே சென்சர்மற்றிக் நிறுவனம் பிறந்தது. ஏறத்தாழ அதே வேளையில், நியூயோர்க் மாநிலத்தில் ஆதர் மினாசி இத்தகைய கருவியொன்றை உருவாக்கி, 1966இல் நோகோ நிறுவனத்தைத் தொடங்கினார்.

இன்று வழக்கிலுள்ள வில்லைகளுள் ஒருவகையில் மெல்லிய உலோகக் கீலம் ஒன்று உள்ளது. வாசற்கம்பங்கள் 58 கிலோஹேர்ட்ஸ் காந்தத் துடிப்புகளை விட்டுவிட்டு அனுப்பும். துடிப்பு நின்ற பின்னரும், அடித்த கோயில் மணியின் நாதம் போலக் கீலம் சற்று நேரம் அதிர்ந்துகொண்டிருக்கும். கம்பம் அதைக் கேட்டுவிடும். மற்றொரு வகையில், கம்பிச்சுருள் ஒன்று 8.2 மெகாஹேர்ட்ஸ் வானொலி அலைக்கு மறுமொழி கூறும். வில்லையை உடுப்புடன் பிணைக்கும் ஊசியைச் சிறு உருக்குக் குண்டுகள் இறுகப் பற்றியிருக்கும். காசாளரின் வலிய காந்தம் பட்டால்தான் பிடி தளரும்.

ஆக, அந்த மணிக்குத் தெரிந்தது ஒன்றே: வில்லை வாசலைக் கடக்கிறது. கொண்டுசெல்பவர் பணம் செலுத்தினாரா, இல்லையா என்பதை அது அறியாது. கருவி சொல்லாத பழியை நம் கண்களே சுமத்துகின்றன. துணியைத் தொட்டுப் பார்த்து வாங்கும் சுதந்திரத்தை நமக்கு நிலைக்கச் செய்தது இந்தச் சிறு வில்லை. அதற்கு விலையாக, நிரபராதியொருவரும் எப்போதாவது வாசலில் தலைகுனிந்து நிற்க நேர்கிறது. அடுத்த முறை மணி அலறும்போது, நின்றவரைச் சற்றுப் பொறுத்துப் பார்ப்போம்.