வரைகலை அட்டையும் அதன் சாவியும்

கட்டற்ற மென்பொருளின் வரலாற்றை எழுதுவோர், ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983 இல் குனு திட்டத்தை அறிவித்ததையும் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 இல் லினக்ஸை வெளியிட்டதையும் தவறாமல் குறிப்பிடுவர். அம்மென்பொருளைத் தம் வீட்டுக் கணினியில் நிறுவ முனைந்தோர் அறிந்த வரலாறு வேறொன்று உண்டு. அது வரைகலை அட்டையின் வரலாறு.

திரையில் ஓர் எழுத்துத் தோன்றுவதற்கும் இயங்குதளத்துக்கும் அட்டைக்கும் இடையே இயக்கி என்னும் மென்பொருள் வேண்டும். அட்டையின் உள்ளமைப்பை விளக்கும் ஆவணம் கிடைத்தாலன்றிப் பிறர் அதனை எழுதுதல் அரிது. 2000களின் நடுப்பகுதியில் என்விடியா, ஏடிஐ ஆகிய இரு பெரிய நிறுவனங்களும் தம் புதிய அட்டைகளுக்கு மூல நிரல் இல்லாத இயக்கிகளையே லினக்ஸுக்கு வழங்கின.

இந்நிலையில் தன்னார்வலர் சிலர் நுவோ திட்டத்தைத் தொடங்கினர். என்விடியாவின் மூடிய இயக்கி அட்டைக்கு அனுப்பும் கட்டளைகளை உற்றுநோக்கி, அவற்றின் பொருளை ஊகித்து, புதிய இயக்கியை எழுதினர். 2010 இல் வெளிவந்த லினக்ஸ் கெர்னல் 2.6.33 இல் அது இடம்பெற்றது. மறுபுறம், 2006 இல் ஏடிஐயை வாங்கிய ஏஎம்டி, 2007 செப்டம்பரில் தன் அட்டைகளின் ஆவணங்களை வெளியிடத் தொடங்கியது.

இதன் பயன் விரைவில் தெரிந்தது. 2002 இல் வந்த ரேடியான் 9700 தலைமுறையை ஏஎம்டியின் மூடிய இயக்கி 2009 இல் கைவிட்டது. திறந்த இயக்கியோ அதனைத் தொடர்ந்து இயக்கியது. 2006 இல் வந்த ஜிஃபோர்ஸ் 8 வரிசைக்கான என்விடியாவின் மூடிய இயக்கி 2019 இறுதியோடு நின்றது. பின்வரும் கெர்னல்களுக்கேற்ப அதனை முழுமையாகத் திருத்தும் வழி வெளியாருக்கு இல்லை. நுவோ ஒன்றே புகலிடம்.

அப்புகலிடமும் குறுகியது. 2014 இல் வந்த இரண்டாம் தலைமுறை மேக்ஸ்வெல் அட்டைகள் நிறுவனம் கையொப்பமிட்ட நிலைபொருளை மட்டுமே ஏற்றன. ஆகவே நுவோவால் அவற்றை முழு வேகத்தில் ஓட்ட இயலவில்லை. 2022 மே மாதம் என்விடியா தன் இயக்கியில் கெர்னலுக்குள் இயங்கும் பகுதியின் மூலத்தை வெளியிட்டது. எஞ்சிய பகுதி மூடியே உள்ளது. ஏஎம்டி அட்டைகளின் நிலைபொருளும் மூடியதுதான் என்பதை மறைத்தல் நேர்மையாகாது.

தாய்ப்பலகையின் கதையும் இத்தகையதே. பலகையை விழிக்கச் செய்யும் பயாஸையே திறந்த நிரலாக்கும் நோக்குடன், 1999 இல் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகத்தில் ரான் மின்னிச் லினக்ஸ்பயாஸைத் தொடங்கினார். 2008 இல் அது கோர்பூட் எனப் பெயர் மாற்றம் பெற்றது. ஆயினும் அதனை ஏற்கும் பலகைகள் சிலவே.

வீட்டுக் கணினிக்கு உறுப்புகளைத் தெரிவு செய்வோர் வேகத்தையும் விலையையும் ஒப்பிடுவது இயல்பு. அவற்றோடு, அட்டையின் திறந்த இயக்கி கெர்னலிலேயே உள்ளதா என்றும் பார்த்தல் நலம். உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய பொருள் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதை, அது தேய்வதற்கு முன்னரே வேறொருவர் முடிவு செய்துவிடக் கூடாதல்லவா?