கினாபாலு மலையோட்டம் – ஒரு வரலாற்றுப் பார்வை



ஆறாம் ஆண்டு வகுப்பில் நாட்டின் மிக உயரமான மலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, கினாபாலு மலையில் நடந்த ஓட்டப் பந்தயத்தின் படம் ஒன்றை மாணவர்களிடம் காட்டினேன். "ஏறுறதே கஷ்டம். அதுல ஏன் டீச்சர் ஓடுறாங்க?" என்று ஒரு மாணவன் கேட்டான். பரிசுக்காக என்று சொல்லி அவனை அமர்த்திவிட்டேன். அன்று மாலையே அந்தப் பதில் முழுமையானதன்று என்று மனம் உறுத்தியது. அதன் விளைவே இக்கட்டுரை.

கினாபாலு மலையின் உயரம் 4,095 மீட்டர். ஏறுவோர் திம்போஹோன் வாயிலிலிருந்து புறப்படுவர். அவ்விடமே கடல் மட்டத்திலிருந்து 1,866 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து உச்சிக்கு ஏறத்தாழ 8.7 கிலோமீட்டர். இந்தக் குறுகிய தூரத்திற்குள் 2,200 மீட்டருக்கும் மேல் ஏற வேண்டும். முதலில் காட்டுக்குள் கல்லும் மரமுமான படிகள். பின்னர் லாபான் ராத்தாவைக் கடந்ததும் மரங்கள் குறுகி மறைந்து, கயிற்றைப் பற்றிக்கொண்டு ஏற வேண்டிய கருங்கற்பாறை. உச்சியில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் உயிர்வளி கடலோரத்தில் கிடைப்பதில் ஐந்தில் மூன்று பங்குதான். வழக்கமாக மலையேறுவோர் இதற்கு இரண்டு நாள் எடுத்துக்கொள்வர்.

'கிளைம்பத்தான்' எனப்பட்ட போட்டி முதன்முதலாக 1987-ஆம் ஆண்டு நடத்தப்பட்டது. அதன் நோக்கம் விளையாட்டு மட்டுமன்று. மலையில் ஒருவர் விழுந்துவிட்டாலோ வழிதவறிவிட்டாலோ விரைந்து சென்று மீட்கக்கூடியவர் யார் என்பதைக் கண்டறிய, பூங்காவின் பணியாளர்களையும் வழிகாட்டிகளையும் ஓடவிட்டுப் பார்த்ததே இதன் தொடக்கம். வேலைக்கான தேர்வு என்றே சொல்லலாம். பின்னர் அது அனைத்துலகப் போட்டியாக வளர்ந்தது. தொடக்கக் காலத்தில் கூர்க்கா படைவீரர்கள் முன்னணியில் நின்றனர். அடுத்து ஐரோப்பிய மலையோட்ட வீரர்கள் வந்தனர். உலக மலையோட்டத் தொடரின் ஒரு கட்டமாகவும் இப்போட்டி இடம்பெற்றது. ஏற்றம், இறக்கம், சாலைப் பகுதி அனைத்தும் சேர்த்து ஏறத்தாழ 21 கிலோமீட்டர். அதை முன்னணி வீரர்கள் மூன்று மணி நேரத்திற்குள் முடித்தனர். எளிது போலத் தோன்றும் இறக்கம்தான் முழங்காலைப் பதம் பார்க்கும். ஈரப்பாறையில் ஒரு கால் வழுக்கினால் அத்தோடு பந்தயம் முடிந்தது.

இந்த மலையில் வெளியூர்க்காரர்கள் ஏறிய ஒவ்வொரு பயணத்திற்குப் பின்னாலும் மலையடிவார டூசுன் மக்கள் இருந்துள்ளனர். 1851-இல் ஹியூ லோ இம்மலையில் ஏறியதே எழுத்தில் பதிவான முதல் பயணமாகும். (பிற்காலத்தில் பேராக் மாநிலத்தின் பிரிட்டிஷ் ஆலோசகராகிக் கோலகங்சாரில் ரப்பர் நட்டவரும் இவரே.) ஆயினும் அவர் மிக உயர்ந்த முனையைத் தொடவில்லை, 1888-இல் ஜான் வைட்ஹெட்தான் அங்கு சென்றார். இருப்பினும் உச்சிக்கு 'லோ சிகரம்' என்றே பெயர். அவர்களுக்கு வழி காட்டியவர்களும் சுமை தூக்கியவர்களும் டூசுன் மக்களே. மூதாதையரின் ஆவிகள் உறையும் இடமாக அவர்கள் இம்மலையை மதிக்கின்றனர். கோழியும் முட்டையும் படைத்து வணங்கிய பின்னரே ஏறுவது அவர்களின் மரபு. குந்திங் லகாடான் என்ற பழைய வழிகாட்டியின் பெயர் மலைமேல் ஒரு தங்குகுடிலுக்குச் சூட்டப்பட்டது. மற்றவர்களின் பெயர்களை நம் பாடநூல்களில் தேடிக் களைத்துவிட்டேன்.

2012 ஆண்டிறுதி விடுமுறையில் நானும் இரு தோழியரும் இம்மலையில் ஏறினோம். எங்கள் வழிகாட்டிக்கு ஐம்பது வயதிருக்கும். லாபான் ராத்தாவுக்கு முன்பே என் பையையும் அவரே வாங்கிக்கொண்டார். 'நீங்கள் கிளைம்பத்தானில் ஓடியதுண்டா?' என்று மலாயில் கேட்டேன். 'மூன்று முறை. ஒருமுறையும் பரிசு கிடைக்கவில்லை' என்று சிரித்தார். நான் இளைப்பாறிய ஒவ்வொரு முறையும் அவர் உட்காரவே இல்லை.

2015 ஜூன் 5, காலை 7.15 மணிக்கு, 6.0 அளவு எனப் பதிவான நிலநடுக்கம் அம்மலையை உலுக்கியது. சூரிய உதயம் பார்க்க உச்சிக்குச் சென்றிருந்த பலர் அப்போது மேலேயே இருந்தனர். பாறைகள் உருண்டன, 'கழுதைக் காது' என்றழைக்கப்பட்ட சிகரத்தின் ஒரு பகுதி உடைந்து விழுந்தது. 18 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளி ஒன்றின் மாணவர் எழுவரும் ஆசிரியர் இருவரும் அடங்குவர். மலை வழிகாட்டிகளும் மாண்டனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் மேலே சிக்கிக்கொண்டனர். மூடுபனியால் ஹெலிகாப்டர்கள் திணறின. வழக்கமான பாதையோ சிதைந்து கிடந்தது. அந்நிலையில் வழிகாட்டிகளே, பாறைகள் விழுந்துகொண்டிருந்த சரிவில் வேறு வழி கண்டு, காயமுற்றோரைச் சுமந்தும் நடக்க இயன்றோரை அழைத்தும் இறங்கினர். மறுநாள் விடிவதற்கு முன்பு வரை இறங்கிக்கொண்டே இருந்தனர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன் யார் விரைந்து செல்வார் என்று தேடத் தொடங்கிய அந்தத் தேர்வை நான் நினைத்துக்கொண்டேன். அன்று தேவைப்பட்டது வேகம் மட்டுமன்று. கீழே வந்த பின்னும் சிலர் மறுபடி மேலே சென்றனர்.

அதன் பிறகு மலைமீட்புக்கெனத் தனிக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. மூடப்பட்ட உச்சிப் பாதை 2015 டிசம்பர் 1-ஆம் நாள் மீண்டும் திறக்கப்பட்டது.

இவற்றையெல்லாம் மறுவாரம் வகுப்பில் சொன்னேன். கேள்வி கேட்ட அதே மாணவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "டீச்சர், அந்தச் சிங்கப்பூர்ப் பசங்களுக்கு எங்க வயசா?" என்றான். ஆமாம் என்றேன். பாடவேளையில் மீதமிருந்த கால் மணி நேரமும் அவர்களைப் பற்றியே பேசினோம்.