மின்னிதழ் நிரல்

எழுத்துக் கோப்புகளை இணையப் பக்கங்களாக மாற்றி இதழாக வெளியிடும் சிறு கணினி நிரல். பைத்தான், பெர்ல் போன்ற மொழிகளில் தனியொருவரே எழுதிக்கொள்ளலாம். ஒவ்வொரு கோப்பிலும் தலைப்பு, நாள், உரை ஆகியவற்றைப் பிரித்தெடுத்து, வார்ப்புருவில் பொருத்தி, நாள்வரிசையில் பொருளடக்கமும் அமைக்கும். தரவுத்தளம் தேவையில்லை. பக்கங்கள் முன்கூட்டியே ஆயத்தமாகிவிடுவதால், மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்கள் போன்ற மலைப்பகுதிகளில் அலைபேசி இணைப்பு நலிந்தாலும் விரைவாகத் திறக்கும்.

தமிழுக்குத் தனிக் கவனம் வேண்டும். யுடிஎஃப்-8 என்னும் எழுத்துக் குறியாக்க முறையில் ‘தே’ என்னும் எழுத்து 2 குறியீடுகளும் 6 பைட்டுகளும் கொண்டது. முன்னோட்ட வரியைப் பைட்டுக் கணக்கில் வெட்டினால் எழுத்து சிதையக்கூடும். கணினியில் தமிழைக் கையாளும் முயற்சி புதிதன்று: மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் உருவாக்கிய முரசு மென்பொருள், கணினித் தமிழ்ப் பதிப்பின் முன்னோடிகளுள் ஒன்று.