கண்ணன் என்னும் பெயர்: ஒலிவரலாற்றுக் குறிப்பு

கண்ணன் என்னும் பெயரைக் ‘கண்’ என்னும் சொல்லடியாகப் பிறந்ததெனக் கொண்டு அழகிய கண்ணுடையான் எனப் பொருள் விரிப்பாரும், கிருஷ்ணன் என்பதை ஒலிக்கமாட்டாது தமிழர் சிதைத்த வடிவமே அஃது என்பாரும் உளர். இவ்விரண்டும் எமக்கு உடன்பாடல்ல.

வடமொழியில் ‘ஷ்ண’ என நிற்கும் மெய்ம்மயக்கம் பிராகிருதத்தில் ‘ண்ஹ’ எனத் திரியும் என்பது அம்மொழி இலக்கணத்தார் வகுத்த விதி. முதலெழுத்தின் உயிரும் அகரமாகத் திரியக் கிருஷ்ண என்பது கண்ஹ ஆயிற்று. இஃது ஏட்டளவில் நின்ற விதியன்று. நாசிக்குக் குகைக் கல்வெட்டொன்று சாதவாகன குலத்து வேந்தன் ஒருவனைக் கண்ஹன் என்றே குறிக்கின்றது. புராணங்கள் கூறும் அரசர் வரிசையில் அவன் பெயர் கிருஷ்ணன். கல்லிற் பொறித்தோர் தமிழரல்லர் என்பதை நினைவிற் கொள்க. இக் கண்ஹ என்னும் வடிவம் தமிழிற் புகுங்கால், ஹகரம் கெட்டு ணகரம் இரட்டித்து, அன் விகுதி பெற்றுக் கண்ணன் என நின்றது. வடநாட்டார் வழங்கும் கானா, கன்ஹையா என்பனவும் இதன் உடன்பிறப்புக்களே.

அரசர் பெயரிலும் இவ்விரு வடிவங்களும் அருகருகே நிலவின. கி.பி. 949இல் தக்கோலத்திற் சோழரை வென்ற இராட்டிரகூட வேந்தன் மூன்றாம் கிருஷ்ணனை, 959ஆம் ஆண்டின் கர்ஹாடுச் செப்பேட்டு வடமொழி கிருஷ்ணராசன் என்கின்றது. திருக்கழுக்குன்றம் முதலிய ஊர்களின் தமிழ்க் கல்வெட்டுக்களோ, கச்சியும் தஞ்சையும் கொண்டவன் என்னும் சிறப்புடன் அவனைக் கன்னரதேவன் எனக் குறிக்கின்றன.

கிருட்டிணன் என்பது வேறு வாயிலால் வந்தது. வடவெழுத்தை நோக்கி, இடையில் வரும் ஷகரம் டகரமாம் என்னும் நன்னூல் நெறிப்படி அமைந்தது அது. வங்கத்துப் பேச்சுவழக்கிலும் அப்பெயர் கேஷ்டோ என டகர ஒலி பெறுதல் வியப்பே. அங்கு நன்னூல் கற்றார் இலர்! இனி, வடமொழியின் ருகர உயிரை இந்தியார் ‘ரி’ எனவும், மராத்தியரும் ஒரியரும் ‘ரு’ எனவும் ஒலிப்பர். பஞ்சாபியர்க்கு அவன் கிஷன், சாவகத்தார்க்குக் கிரெஸ்ன. ஆதலின் தமிழ் வடிவத்தை மட்டும் பிழையென்றல் பொருந்தாது.

மாயோன் என்பதை இவ்வரிசையிற் சேர்த்தல் கூடாது. கருமை என்னும் பொருளொற்றுமை உண்டேனும், தொல்காப்பியம் முல்லைக்கு உரியதாக்கிய அத்தெய்வப்பெயர் ஒலித்திரிபால் வந்ததன்று.