புதுச்சேரி பழைய நகரம்

புதுச்சேரி பழைய நகரம், இந்தியாவில் பிரெஞ்சு ஆட்சியின் தலைமையிடமாக இருந்த வங்கக் கடலோரத் துறைமுக ஊர். புல்வார் எனப்படும் சுற்றுச்சாலைகள் முட்டை வடிவில் இதைச் சூழ்ந்துள்ளன. அவற்றுக்குள் அடங்கிய பகுதியை ஒரே நாளில் நடந்து பார்த்துவிடலாம். சேலம், நாமக்கல் பகுதியினர் ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் வழியாக வரலாம். சேலத்திலிருந்து தொலைவு 200 கி.மீ.க்குச் சற்று மேல்.

வரலாறு

1664இல் தொடங்கிய பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இவ்வூரை வளர்த்தவர் பிரான்சுவா மர்த்தேன். 1693 முதல் 1699 வரை ஊர் டச்சுக்காரர் வசம் இருந்தது. அப்போது அவர்கள் வகுத்த நேர்க்கோட்டுத் தெருத் திட்டமே இன்றைய நகரின் அடிப்படை. துய்ப்ளே ஆளுநராக இருந்த 1742–1754 காலம் செல்வாக்கின் உச்சம். 1761இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்துக் கோட்டையையும் மாளிகைகளையும் தரைமட்டமாக்கினர். இன்று காணும் பிரெஞ்சுக் கட்டடங்கள் பெரும்பாலும் அதன்பின் எழுந்தவை. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16 அன்று நிறைவேறியது.

துறைமுகம்

கப்பல் அணையத்தக்க ஆழம் கரையருகே இல்லை. கப்பல்கள் கடலில் நங்கூரமிட்டு நிற்க, சலங்கு என்னும் படகுகள் அலையைக் கடந்து ஆளையும் சரக்கையும் ஏற்றி இறக்கின. ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்த படகு என்பதால், அலை மோதும்போது சலங்கு உடையாமல் வளைந்துகொடுக்கும். துணியே முதன்மையான ஏற்றுமதி. 19ஆம் நூற்றாண்டில் இங்கிருந்து நீலச் சாயத் துணி மேற்கு ஆப்பிரிக்கா வரை சென்றது. அந்நூற்றாண்டில் கப்பல் சரக்குக்காகக் கரையிலிருந்து கடலுக்குள் நீளுமாறு கட்டிய இரும்புப் பாலம் 1952ஆம் ஆண்டுப் புயலில் அழிந்தது. அடுத்துக் கட்டிய பாலத்தின் ஒரு பகுதி 2022 மார்ச்சில் கடலில் சரிந்தது.

நடைவழி: கடற்புறம்

கடற்கரைச் சாலையில் மாலை முதல் காலை வரை வாகனங்களுக்குத் தடை. நடப்பவர்களுக்கு அதுவே தக்க நேரம். காந்தி சிலை, 1836இல் ஒளியேற்றிய பழைய கலங்கரை விளக்கம், முதல் உலகப் போரில் மாண்டவர்களுக்கான நினைவுச்சின்னம் ஆகியவை இங்கு அருகருகே உள்ளன. பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய தமிழர்களைச் சொல்தா என்பர். அவர்கள் ஆண்டுதோறும் ஜூலை 14 அன்று இந்தச் சின்னத்துக்கு மரியாதை செலுத்துகின்றனர். சற்று உள்ளே, பழைய கோட்டை இருந்த பகுதியில் பாரதி பூங்கா. அதன் நடுவில் ஆயி மண்டபம். சுற்றியுள்ள வீதிகளில் உயர்ந்த மதில், பெரிய வாயிற்கதவு, உள்ளே தோட்டம் என அமைந்த வீடுகளைக் காணலாம். தெருப் பலகைகளில் தமிழும் பிரெஞ்சும் உள்ளன.

நடைவழி: தமிழர் பகுதி

கடற்புறப் பகுதியை மேற்கேயுள்ள தமிழர் பகுதியிலிருந்து பிரிக்கும் பெரிய வாய்க்காலைத் தாண்டினால் வீடுகளின் முகம் மாறுகிறது. தெருவை ஒட்டிய தாழ்வாரமும் திண்ணையும் வழிப்போக்கருக்கு நிழல் தருகின்றன. மேல்மாடியில் பிரெஞ்சுப் பாணித் தூண்களும் சன்னல்களும், கீழே தமிழ்வீட்டு முற்றமும் கலந்த இல்லங்கள் பல. வைசியாள் வீதியில் இவ்வகை வீடுகள் வரிசையாகச் சீரமைக்கப்பட்டுள்ளன. ரங்கப்பிள்ளை வீதிக்குப் பெயர் தந்தவர், துய்ப்ளேயின் தலைமைத் துபாசி, அதாவது மொழிபெயர்ப்பாளரும் வணிக இடையாளருமான ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761). 1736 முதல் அவர் தமிழில் எழுதிய நாட்குறிப்பு கப்பல் வரவு, விலைவாசி, போர், வழக்கு என அன்றைய ஊரையே பதிவு செய்தது. ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில், 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் தங்கியிருந்த பாரதியாரின் இல்லம் உள்ளது. தெற்கே காஜியார் வீதி, முல்லா வீதிப் பக்கம் முஸ்லிம் குடும்பங்களின் பழைய வீடுகளும் பள்ளிவாசல்களும் இருக்கின்றன.

பாதுகாப்பு

19ஆம் நூற்றாண்டு நகராட்சிக் கட்டடமான மேரி, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பழைய தோற்றத்திலேயே மீண்டும் கட்டி 2021இல் திறந்தனர். அரசுக் கட்டடத்துக்குக் கிட்டிய இந்த மறுவாழ்வு தனியார் திண்ணை வீடுகளுக்கு எளிதில் கிட்டுவதில்லை. இடத்தின் விலை ஏற ஏற, அவை அடுக்குமாடிகளுக்கு வழிவிடுகின்றன.

மதிப்பீடு

பயணிகளில் பலர் கடற்புற வீதிகளோடு திரும்பிவிடுகின்றனர். ஆனால் இந்தத் துறைமுகத்தை நடத்தியவர்கள் வாய்க்காலின் மேற்கே வாழ்ந்த வணிகரும் துபாசிகளும் கைவினைஞரும், அலைகடந்த படகோட்டிகளும்தாம். பிரெஞ்சு நகரம் என்று பெயர் பெற்ற புதுச்சேரி, பாதிக்கு மேல் தமிழர் கட்டிய நகரம். வாய்க்காலின் இருபுறமும் நடந்தவரே அதை முழுமையாகக் கண்டவர்.