ஆன்ம விசாரம்: திருச்சுழி ரமணர் காட்டிய அன்றாட தியானம்

‘நான்’ என்ற எண்ணம் எங்கிருந்து எழுகிறது என்று உள்ளே தேடிப் பார்ப்பது ஆன்ம விசாரம். இதைத் தம் உபதேசத்தின் நடுநாயகமாக வைத்தவர் ரமண மகரிஷி (1879–1950). இன்றைய விருதுநகர் மாவட்டத்தில், அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே உள்ள திருச்சுழியில் சுந்தரமய்யர், அழகம்மாள் தம்பதிக்கு 1879 டிசம்பர் 30 அன்று பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் வேங்கடராமன்.

1892இல் தந்தை இறந்தபின் பிள்ளை மதுரையில் சித்தப்பா வீட்டில் வளர்ந்தான். 1896 ஜூலையில், உடம்புக்கு எந்த நோயும் இல்லாதபோது, சாகப்போகிறோம் என்ற பயம் திடீரென்று பிடித்துக்கொண்டது. பதினாறு வயதுப் பையன் யாரையும் கூப்பிடவில்லை. கை கால்களை விறைக்க நீட்டிப் படுத்து, வாயை இறுக மூடி, மூச்சை அடக்கி, செத்துப்போவது இந்த உடம்புதானே, அப்படியானால் நான் யார் என்று பார்த்தான். சில வாரங்களில் வீட்டை விட்டுக் கிளம்பியவன் செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தான். அதன்பின் அந்த ஊரை விட்டு எங்கும் போகவில்லை.

ஆன்ம விசாரத்தின் வழிமுறையை அவரிடம் கேட்டு வாங்கியவர் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற வருவாய்த்துறை ஊழியர். 1901–02 வாக்கில் அவர் கேட்ட கேள்விகளுக்கு, அப்போது பேசாதிருந்த ரமணர் எழுதிக் காட்டிய பதில்களே ‘நான் யார்?’ என்ற சிறு நூலுக்கு அடிப்படை. ஓர் எண்ணம் எழுந்தால் அதன் பின்னே போகாமல், இது யாருக்குத் தோன்றியது என்று கேட்க வேண்டும். எனக்கு என்று பதில் வரும். அந்த ‘நான்’ யார் என்று திரும்பிப் பார்க்க வேண்டும். இதற்குத் தனி ஆசனமோ நேரமோ அவர் விதிக்கவில்லை. மூச்சை அடக்கினால் மனம் ஒடுங்கும். ஆனால் மூச்சு அடங்கியிருக்கும் வரை மட்டும்தான் என்பது அவர் கருத்து. வேலையை, குடும்பத்தை விட்டுவிடலாமா என்று கேட்டு வந்தவர்களையும் அவர் பெரும்பாலும் திருப்பியே அனுப்பினார். எங்கே போனாலும் மனமும் கூடவே வருமே!

வேலைக்கு நடுவிலேயே விசாரம் செய்யலாம் என்பதை உபதேசத்தைவிட அவர் வாழ்ந்த விதம் தெளிவாகச் சொல்லும். திருவண்ணாமலை ரமணாசிரமச் சமையலறையில் விடியுமுன்னே மற்றவர்களோடு உட்கார்ந்து காய் நறுக்குவார். சட்னி அரைப்பார், இலை தைப்பார், அச்சுப்பிழை திருத்துவார். தரையில் சிந்திய அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பார். கீரையின் வேரைத் தூக்கிப்போட விடாமல், கழுவி நசுக்கிச் சாறு பிழிந்து ரசத்தில் சேர்க்கச் சொல்வார். ஒருமுறை, பலனை எதிர்பாராத வேலை எது என்று ஓர் அன்பர் கேட்டார். ரமணர் பதில் சொல்லாமல் அங்குள்ள மலையில் ஒரு முள்மரக் கிளையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். முள்ளைச் செதுக்கி, கணுவைத் தேய்த்து, சொரசொரப்பான இலையால் மணிக்கணக்கில் மெருகேற்றினார். வழவழப்பான கைத்தடி தயாரானது. தன் கோலைத் தொலைத்துவிட்டு அந்த வழியே வந்த ஆட்டுக்காரச் சிறுவனிடம் அதைக் கொடுத்துவிட்டார்.

வேலையில் இப்படிக் கவனம் வைப்பது ஒரு வகை என்றால், ரமணர் பிறந்த விருதுநகர் மாவட்டத்திலேயே சிவகாசிப் பட்டாசு ஆலைகளில் இருப்பது வேறுவகைக் கவனம். சிறு உராய்வுக்கே பற்றிக்கொள்ளும் மருந்தைக் கையாள்பவர் கண்ணிமைக்கவும் கணக்குப் பார்க்க வேண்டும். அதைத் தியானம் என்று புகழ்வது தவறு. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அத்தகைய சாவுகளைத் தடுக்கக் கட்டுப்பாடுகளும் கண்காணிப்பும் வேண்டும். தொழிலாளியின் மன ஒருமையைக் காட்டி ஆலை தன் பொறுப்பைக் கழித்துக்கொள்ள முடியாது. பயத்தால் வரும் விழிப்பு வேலை முடிந்ததும் ஓய்ந்துவிடும். ரமணர் கேட்கச் சொன்னதோ, விழித்திருப்பவர் யார் என்பதை.

ரமணர் பிறந்த வீடு ‘சுந்தர மந்திரம்’ என்ற பெயரில் திருச்சுழிக் கோயிலுக்கு அருகே ரமணாசிரமத்தின் பராமரிப்பில் இருக்கிறது. திருவண்ணாமலைக்கு வண்டி ஏறும் விருதுநகர்க்காரர்கள் பக்கத்திலிருக்கும் இந்த ஊருக்கும் ஒருமுறை போய்வர வேண்டும்.