பஞ்சாரம்

பஞ்சாரம் என்பது வீட்டுக் கோழிகளைக் கவிழ்த்து மூடி வைப்பதற்குப் பயன்படும், அடிப்பாகம் இல்லாத மூங்கில் கூடை ஆகும். தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் இச்சொல் பரவலாக வழங்குகிறது. தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள கோம்பை போன்ற கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களில், கீரைப்பாத்தியும் கோழியும் ஒரே கொல்லையில் இருக்கும் வீடுகள் உண்டு. இவற்றுள் முன்னதைப் பின்னதிடமிருந்தும், பின்னதைப் பருந்திடமிருந்தும் காப்பது பஞ்சாரத்தின் பணியாகும்.

அமைப்பு

மூங்கிலைப் பிளந்து சீவிய மெல்லிய பட்டைகளால் பஞ்சாரம் ஏறத்தாழ அரைக்கோள வடிவில் முடையப்படுகிறது. பொதுவாக இதன் விட்டம் 2 முதல் 3 அடி வரை இருக்கும். பட்டைகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி இறங்கிப் பின்னப்படுவதால் இடையிடையே பெரிய கண்கள் அமைகின்றன. இவற்றின் வழியே காற்றும் வெளிச்சமும் செல்லும். வளர்ந்த கோழியால் தலையை மட்டுமே நீட்ட முடியும்.

கவிந்த வடிவம் ஆதலால், உச்சியில் வைக்கப்படும் எடை பட்டைகளின் வழியே விளிம்பு முழுவதற்கும் பரவுகிறது. எளிதில் தூக்கக்கூடிய இக்கூடையின் மேல் ஒரு கல்லை வைக்க முடிவது இதனாலேயே ஆகும். கல் இல்லாவிடில் சேவல் முட்டித் தள்ளிவிடும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் காற்றே கூடையை உருட்டிவிடும். தற்காலத்தில் நெகிழியாலும் இரும்புக் கம்பியாலும் செய்யப்பட்ட பஞ்சாரங்களும் விற்கப்படுகின்றன. இவை நீண்ட நாள் உழைத்தாலும், வெயிலில் மூங்கிலைவிட விரைவில் சூடேறுகின்றன.

கோழியால் தோட்டத்திற்கு ஏற்படும் சேதம்

கோழி தின்பதைவிடக் கிளறுவதே மிகுதி. வீட்டுக்கோழியின் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழி, காட்டில் உதிர்ந்த சருகுகளைக் காலால் கிளறிப் புழுக்களையும் விதைகளையும் தேடி உண்ணும் பறவையாகும். இவ்வியல்பு வீட்டுக்கோழியிடமும் மாறாமல் உள்ளது. புதிதாகக் கொத்தி, நீர் தெளித்து, விதை தூவிய பாத்தி கோழியின் பார்வையில் மிகச் சிறந்த மேய்ச்சல் இடம். இது தவிர, உடலில் உள்ள உண்ணிகளைப் போக்கிக்கொள்ளக் கோழிகள் உலர்ந்த மண்ணில் குழி பறித்துப் புரளும். வாழை, முருங்கை போன்றவை ஓரளவு வளர்ந்துவிட்டால் இவற்றால் பெரிய கேடு இல்லை. நாற்றும் கீரையும்தான் அழிகின்றன.

எனவே இது ஆண்டு முழுவதும் நீடிக்கும் சிக்கல் அன்று. தண்டுக்கீரை, சிறுகீரை போன்றவை விதைத்து ஏறத்தாழ ஒரு மாதத்தில் பறிப்புக்கு வந்துவிடும். அந்த ஒரு மாதமே காவல் தேவைப்படுகிறது. பஞ்சாரத்தின் சிறப்பு இங்குதான் உள்ளது. வேலி கோழியை இடத்தால் கட்டுப்படுத்துகிறது. பஞ்சாரம் நேரத்தால் கட்டுப்படுத்துகிறது.

பயன்படுத்தும் முறை

விதைப்புக் காலத்தில் கோழிகளைப் பகலின் பெரும்பகுதி மூடி வைத்து, மாலையில் ஓரிரு மணி நேரம் திறந்துவிடலாம். இருட்டும் நேரத்தில் அடையுமிடத்திற்குத் தாமே திரும்புவது கோழிகளின் இயல்பு என்பதால், அந்நேரத்தில் அவை வெகுதொலைவு செல்வதில்லை. புதிதாக வாங்கிய கோழியைச் சில நாட்கள் பஞ்சாரத்திலேயே வைத்துத் தீனி கொடுத்தால், பின்னர் அவ்விடத்தையே தன் வீடாகக் கொள்ளும்.

குஞ்சுகள் உள்ள தாய்க்கோழியை மட்டும் மூடுவது மற்றொரு முறை. குஞ்சுகள் கண்களின் வழியாகவோ, விளிம்பில் கல் வைத்து உயர்த்திய இடைவெளி வழியாகவோ வெளியே சென்று மேயும். தாயின் குரல் கேட்கும் தொலைவைத் தாண்டுவதில்லை; வல்லூறின் நிழல் கண்டால் உள்ளே ஓடி வந்துவிடும்.

அடிப்பாகம் இல்லாமையால் கூடையை நாள்தோறும் இடம் மாற்றலாம். அறுவடை முடிந்த பாத்தியின் மேல் கவிழ்த்தால், கோழி களையையும் பூச்சியையும் தின்று எருவும் இட்டுவிடும். அமெரிக்காவில் 'சிக்கன் டிராக்டர்' என்று அழைக்கப்படும் நகரும் கூடுகளின் தத்துவமும் இதுவே. ஆனால் புதிய கோழி எச்சத்தில் தழைச்சத்து மிகுதி; அது இளஞ்செடிகளைக் கருக்கிவிடும். ஆதலால் அப்பாத்தியில் உடனே நாற்று நடுதல் கூடாது.

நாள் முழுவதும் மூடி வைப்பதாயின் நிழலும் தண்ணீரும் கட்டாயம் தேவை. இடநெருக்கடியில் கோழிகள் ஒன்றையொன்று கொத்திக்கொள்ளும். வெள்ளைக்கழிச்சல் போன்ற தொற்றுநோய்களும் விரைவாகப் பரவும். இரவில் பாம்பு விளிம்பின் அடியில் நுழையக்கூடும் என்பதால், பஞ்சாரத்தை வீட்டுக்குள்ளோ திண்ணையிலோ வைப்பது பாதுகாப்பானது. இவ்வூரின் பெயரால் வழங்கும் கோம்பை நாய் காவலுக்குப் பெயர் பெற்றது. எனினும் குட்டியிலிருந்தே பழக்கப்படாத நாய், கீரியோடு கோழியையும் சேர்த்தே துரத்தும்.

வேலியும் இறகு நறுக்குதலும்

தமிழ்நாட்டு நாட்டுக்கோழிகளுள் சிறுவிடை வகை எடை குறைந்தது. கூரை மீதும் மரக்கிளை மீதும் எளிதில் பறந்து ஏறும். 3 அடி உயரக் கிளுவை வேலி இதற்கு ஒரு பொருட்டன்று. பெரும்பாலும் கோழி வேலியை ஒரே பாய்ச்சலில் தாண்டுவதில்லை. அதன் உச்சியில் உட்கார்ந்து, பிறகு மறுபுறம் குதிக்கிறது. ஆகவே மேல்விளிம்பில் உறுதியான கழி இல்லாத, தொய்வான வலை சிறந்த தடையாகும். பாத்தியின் மேல் முள்கிளைகளைப் பரப்புவது இதைவிடவும் எளிது. கால் வைக்க இடமில்லாவிடில் கிளற முடியாது.

ஒரு சிறகில் மட்டும் முதன்மைப் பறப்பு இறகுகளை நறுக்கினால், கோழி சமநிலை இழந்து உயரப் பறக்க இயலாமற் போகும். முற்றிய இறகில் இது வலி தராது. வளரும் இறகின் தண்டில் குருதி ஓடுவதால் அதை நறுக்குதல் ஆகாது. இறகு உதிர்ந்து முளைக்கும்போது பறக்கும் ஆற்றல் திரும்பிவிடும். நாயும் கீரியும் உள்ள ஊரில் பறக்க முடியாத கோழிக்குத் தப்ப வழியில்லை என்பதால், இம்முறை பஞ்சாரத்திற்கு ஈடாகாது.

இலக்கியத்தில்

உருத்திரங்கண்ணனார் இயற்றிய சங்கநூலான பட்டினப்பாலையில், காயவைத்த உணவைக் கவர வரும் கோழியை விரட்டப் பெண்கள் தம் காதணியைக் கழற்றி எறிகின்றனர். அது சிறுவர் உருட்டும் மூன்றுசக்கரச் சிறுதேரின் வழியை மறித்துக் கிடக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வவளத்தைக் காட்டவே இக்காட்சி கூறப்பட்டாலும், கோழித்தொல்லையின் பழமைக்கும் இது சான்றாகும்.

சட்டம்

பிறர் நிலத்தில் புகுந்து பயிரை அழிக்கும் விலங்குகளைப் பவுண்டு எனப்படும் பட்டியில் அடைக்க, 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் வழிசெய்தது. மாடு, ஆடு, குதிரை, கழுதை, பன்றி ஆகியவற்றோடு யானையும் ஒட்டகமும்கூட அச்சட்டத்தில் கால்நடையாகக் குறிக்கப்பட்டுள்ளன, கோழி குறிக்கப்படவில்லை. பக்கத்து வீட்டுக் கீரையைக் கிளறிய கோழியைப் பட்டிக்கு ஓட்டிச்செல்ல முடியாது. அவ்வழக்கு வேலியின் இருபுறமும் நின்று பேசியே தீர்க்கப்படுகிறது. பெரும்பாலும், விதைப்புக் காலம் முடியும் வரை பஞ்சாரத்தைத் திறப்பதில்லை என்ற உறுதிமொழியோடு அது முடிகிறது.